வயசு போனால் வேட்டைக்காரர் கனிவாராம்

வேட்டைக்காரருக்குப் படிநிலைகள் இருக்காம். இளசில கண்டதையெல்லாம் சுடுவார். பிறகு எத்தனை விழுந்தது எண்டு எண்ணுவார், அதுக்குப் பிறகு பெரிய கொம்பு, பெரிய தோல். வயசு போனதும் காட்டைப் பார்த்தாலே போதும் என்பார். உதாரணத்துக்கு உடனே ஜிம் கோர்பெற்றை இழுத்துக்கொண்டு வருவார்கள்: புலி சுட்டவர், கடைசியில் புலிக்காகப் பேசினவர்.

சரி, அவரையே எடுப்போம். 1907இல் சம்பாவத்தில் அவர் சுட்டது 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண்புலி. சனம் வாசல் திறக்கப் பயந்து கிடந்த நேரம். அதில எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் 1930இல் பவல்கர் காட்டில் சுட்ட ஆண்புலி? அது ஆட்கொல்லி இல்லை. பெரிய புலி, பத்து வருசமாக வேட்டைக்காரர் எல்லாம் தேடின புலி, அவ்வளவுதான் அதன் குற்றம். கோர்பெற்றுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வன அதிகாரி சாம்பியனைப் பார்த்து அவர் கமராவைத் தூக்கினது 1920களின் கடைசியில். அதாவது கமரா கைக்கு வந்த பிறகும் துவக்கு கீழே இறங்கவில்லை!

பிறகு மாறினார்தான், மறுக்கேல்லை. ஆனால் நண்பரின் படங்களும் கண் முன்னால் குறைந்துகொண்டு போன புலிகளும் செய்த வேலையை நரைமயிரின் கணக்கில் எழுதாதீர்கள். (எங்கட வன்னியில் இறைச்சிக்காக இடியன் துவக்கோட போறவர் கண் மங்கினால் நிற்பாட்டுவார். அதை ஆரும் ஞானம் எண்டு சொல்றதில்லை.)

இந்தப் படிநிலைக் கதை இளம் வேட்டைக்காரருக்குக் கொடுக்கிற அனுமதிப்பத்திரம்: இப்ப சுடு, பிறகு கனியலாம். இடையில் விழுகிற மிருகங்கள் எந்தப் படிநிலையில் வருகுது?