பாதுஷாவைத் தண்டித்தது யார்?

மொகலாய சாம்ராஜ்யம் எழுந்ததற்கும் விழுந்ததற்கும் காரணம் கடவுள்தான் என்று இரு தரப்பு மதப் பிரசாரகர்களும் சொல்லி வருகிறார்கள். ஒருவர், “இந்துக்களை வதைத்ததால் தெய்வம் தண்டித்தது” என்கிறார். மற்றவர், “மார்க்கத்தில் உறுதி தளர்ந்ததால் ஆண்டவன் கைவிட்டான்” என்கிறார். இரண்டும் ஒரே பித்தலாட்டம் என்று சொல்லுகிறோம். இதைத் தெரிந்துகொள்ள நெய்வேலித் தோழர்கள் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் சரித்திரமே போதும்.

முதலில் ஒன்று கேட்கிறோம். 1526-ல் பானிப்பட்டில் பாபர் தோற்கடித்தது யாரை? இப்ராஹீம் லோடி என்ற முஸ்லிம் சுல்தானை! 1576-ல் ஹல்திகாட்டில் அக்பரின் படையை நடத்தியவர் யார்? மான்சிங் என்ற ராஜபுத்திரர்! எதிரே, ராணா பிரதாப்புக்காகப் போரிட்டவர்களில் ஹக்கீம் கான் சூர் என்ற ஆப்கானியரும் ஒருவர். வரி வசூலும் குதிரைப் படையும் ஒழுங்காய் நடந்தவரையில் சாம்ராஜ்யம் வளர்ந்தது. அதற்கு இரு மதத்தாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள்.

அக்பர் 1564-ல் எடுத்துவிட்ட ஜிஸியா வரியை ஔரங்கசீப் 1679-ல் மறுபடியும் போட்டார். அது அக்கிரமந்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்திமான் 1686-ல் பிஜப்பூரையும் 1687-ல் கோல்கொண்டாவையும் ஒழித்தாரே, அவை யாருடைய ராஜ்ஜியங்கள்? முஸ்லிம் ராஜ்ஜியங்கள் அல்லவா? மண்ணாசைக்கு முன்னால் மார்க்கம் எங்கே போயிற்று?

நிற்க, செஞ்சியைப் பாருங்கள். மராத்திய ராஜாராமைப் பிடிக்க 1690-ல் சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. முற்றுகையிட்ட படையில் தள்பத்ராவ் என்ற புந்தேல ராஜபுத்திரர் ஒரு தளபதி. பாதுஷாவின் சொந்த மகன் காம்பக்ஷோ மராத்தியரோடு இரகசியம் பேசித் தன் தளபதிகளாலேயே சிறைப்பட்டார்! கடைசியில் ராஜாராமும் தப்பிவிட்டார். இத்தனை வருஷம் இரு படைகளும் தின்ற சோறு உழவன் வயிற்றில் அடித்து எடுத்ததுதானே?

அதே 1690-ல் ராஜாராம் தேவனாம்பட்டினக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார். பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை உள்ள கிராமங்களும் கிரயத்தில் சேர்ந்தன. கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் அதற்குச் சாக்ஷி. அக்கிராமத்துக் குடிகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இந்தச் சமயத்தில் தெய்வம் என்ன செய்துகொண்டிருந்தது? 1688-ல் மொகலாயப் படைக்குப் பயந்து காஞ்சி வரதராஜரைத் தூக்கிக்கொண்டு போய், வெள்ளாற்றுக்கு அக்கரையில் உள்ள உடையார்பாளையத்தில் ஒளித்து வைத்தார்கள். பயம் தீர்ந்த பிறகு பாளையக்காரர் சாமியைத் திருப்பித் தர மறுத்தார் என்று கோயில் வரலாறே சொல்லுகிறது. 1710-ல் மீட்டுக் கொடுத்தவர் யார்? அதே மொகலாய ஆட்சியின் கர்நாடக அதிகாரி லாலா தோடர்மால்! இந்துப் பாளையக்காரர் வைத்துக்கொண்ட சாமியை முஸ்லிம் சர்க்கார் அதிகாரி மீட்டார். தன்னைக் காத்துக்கொள்ள முடியாத சாமியா தில்லி பாதுஷாவைத் தண்டித்தது?

ஆண்டவனும் பாதுஷாக்களைக் காப்பாற்றவில்லை. 1739-ல் தில்லியைக் கொள்ளையடித்து மயிலாசனத்தைக் கொண்டுபோன நாதிர்ஷாவும் முஸ்லிம்தான்.

அப்படியானால் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? தக்காணத்தில் கால் நூற்றாண்டு நடந்த யுத்தம் கஜானாவைத் தின்றது. உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுக்க ஜாகீர் போதவில்லை. கிடைத்தவர்கள் குடிகளைக் கசக்கினார்கள். 1707-ல் ஔரங்கசீப் இறந்ததும் சுபேதார்கள் வசூலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கடனில் மூழ்கிய ஆர்க்காட்டு நவாபின் ராஜ்ஜியத்தைக் கம்பெனி 1801-ல் எடுத்துக்கொண்டது. கடைசி பாதுஷா பகதூர்ஷா 1858-ல் ரங்கூனுக்குக் கப்பலேற்றப்பட்டார்.

தோழர்களே! நெய்வேலிச் சுரங்கத்தில் பல ஜில்லாக்காரர்களும் பல மதத்தாரும் ஒரே ஷிப்டில் இறங்கி வேலை செய்கிறீர்கள். மேல்மண்ணை வெட்டி அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சரித்திரத்தின் மேல் கொட்டிக் கிடக்கும் மத மண்ணையும் அப்படியே அகற்றுங்கள். இனி எவராவது பழைய ராஜாக்கள் கதையைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் உங்களை ஏவ வந்தால், “வரி கொடுத்தவன் யார்? தின்றவன் யார்?” என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் நழுவுகிறவரை நம்பாதீர்கள்.