பால்மரத்தில் ஓர் அலைப்பலகை

‘ஆசாரி வேலை படிக்காதவனுக்கு’ என்ற பேச்சு நம் தோட்டத்து வீடுகளில் இன்னும் ஓயவில்லை. வடிவமைப்புப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் முடித்துவிடுகிறோம். ஒரு வயிற்றுப் பலகை செய்து பாருங்கள் என்பது என் யோசனை.

வயிறு படியப் படுத்து அலையில் சறுக்கும் பலகை அது. ஹவாய்த் தீவில் ‘பைப்போ’ என்பார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒட்டுப்பலகையில் செய்தார்கள். ஏறக்குறைய நான்கடி நீளம், ஓரடி அகலம். முன்முனை சற்று மேலே வளையாவிட்டால் தண்ணீருக்குள் குத்திக்கொள்ளும். மரத்தை ஆவியில் வாட்டி, அச்சில் இறுக்கிக் காயவிட்டால் அந்த வளைவு நிற்கும்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் 25, 30 ஆண்டில் வெட்டப்படும் பால்மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. இன்று ஏற்றுமதி நாற்காலி. பலகைக்கு ஆகுமா? அப்படியே ஆகாது. பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும், ஈரம் தாங்காது. எப்படிப் பதப்படுத்துவது, எதைப் பூசுவது என்று தேடுவதுதான் வடிவமைப்பு. கட்டுமரத்துக்கு மிதக்கும் மரம் தேர்ந்த நம் முன்னோரும் அதைத்தான் செய்தார்கள். அந்தச் சொல்லை ஆங்கிலமே எடுத்துக்கொண்டது.

போர்ட்டிக்சன் கடல் சாதுவானது, அலைக்கு நவம்பருக்குமேல் செராத்திங் போகவேண்டும். அது பிறகு. தச்சு தெரிந்த தாத்தா யாராவது உங்கள் தோட்டத்தில் இருந்தால், முதலில் அவரிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.