கலப்பு குற்றமா?

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) இசைத்தொகுப்பை, 'கருநாடக இசையுமன்று, மேனாட்டிசையுமன்று' என ஒதுக்குவோர் கடலூரிலும் சிதம்பரத்திலும் உளர். அவர்களை நாம் வினவுகிறோம்: நீங்கள் போற்றும் வயலின் எந்நாட்டுக் கருவி? பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஏற்றதால் நம் இசை தாழ்ந்ததா?

தியாகராசருக்கும் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையான அத்தொகுப்பில், வி. எஸ். நரசிம்மனின் வயலின் இராகத்தைக் குழைக்கிறது. பிறிதோரிடத்தில், ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துத் தொடரும் 'ஃபியூக்' எழுகிறது. இரண்டும் தத்தம் இலக்கணம் பிறழவில்லை. தில்லையைப் பாடிய மாணிக்கவாசகரின் திருவாசகமும் 2005-இல், ஒரு கத்தோலிக்கக் குருவின் முயற்சியால், இளையராஜாவின் இசையமைப்பில் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு ஒலித்தது. தமிழ் மாசுபடவில்லை.

ஆலயத்தில் கீபோர்டின் ஆயத்தத் தாளத்தை முடுக்கிவிட்டு, அதனையே பண்பாட்டுமயமாதல் என்பாரும் நம்மிடையே உளர். அவர்கள் இராகமும் அறியார். மேனாட்டு இசைக்குறியீடும் அறியார். குற்றம் கலப்பில் அன்று, கல்லாமையில். பாடகர் குழுச் சிறார்க்கு இரண்டையும் கற்பிப்போம்.