பாதரசம் எழுதும் ஆளோலை

திருவெண்ணெய்நல்லூர் என்றால் ஒரு வழக்குதான் முதலில் ஞாபகம் வரும். சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் புகுந்து, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது வெறும் படி, மூல ஓலை பத்திரமா இருக்கு என்கிறார் கிழவர். வெண்ணெய்நல்லூர்ச் சபை மூல ஓலையை வாங்கி, பாட்டன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னது. வாதி சிவபெருமானே ஆனாலும் ஆவணம் எங்கே என்று கேட்ட ஊர்.

அதே ஊரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டரில் இன்னொரு ஆளோலை எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. இடம், நெய்வேலி.

நிலக்கரியில் துளியளவு பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது ஆவியாகிவிடும். கொஞ்சம் சாம்பலோடு பிடிபடும். மிச்சம் புகைபோக்கி வழியே வெளியேறி, ஒரு பங்கு பக்கத்திலேயே இறங்கும், ஒரு பங்கு மாதக்கணக்கில் காற்றில் சுற்றும். ஏரிச் சேற்றில் விழுந்தால் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்கும். சின்ன மீனிலிருந்து விராலுக்கு, விராலிலிருந்து கர்ப்பிணியின் தட்டுக்கு, அங்கிருந்து வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு. கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பாட்டன் எழுதியதற்குப் பேரன் அடிமை என்பது இதுதான்.

சட்டம் இல்லையா? இருக்கு. 2015 டிசம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையப் புகையில் கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாதரசம்தான் இருக்கலாம் என்றது. ஆனால் 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட, 500 மெகாவாட்டுக்குக் குறைவான அலகுகளுக்கு அந்த வரம்பே கிடையாது. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தைப் பாருங்கள். தலா 210 மெகாவாட்டில் 7 அலகுகள், எல்லாம் 80களிலும் 90களிலும் வந்தவை. மொத்தம் 1470 மெகாவாட். தனித்தனியாக எண்ணினால் அத்தனையும் சின்னது! ஏரிக்கு இந்த அலகுக் கணக்கு தெரியுமா?

இதே இந்தியா 2018இல் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. மினமாட்டா, ஜப்பானில் ஆலைக்கழிவின் பாதரசத்தால் பிள்ளைகள் கருவிலேயே நோய்ப்பட்ட ஊர். அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த விலக்கை வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர்?

"கரண்ட் வேணுமா வேணாமா?" என்பார்கள். வேணும். புகையில் தூளாக்கிய கரியைத் தூவிப் பாதரசத்தைப் பிடிக்கும் முறை அமெரிக்காவில் பல நிலையங்களில் நடப்பில் இருக்கு. அதனால் அங்கே விளக்கு அணைந்துவிடவில்லை. "ரொம்பக் கம்மிதானே?" என்பார்கள். பாதரசம் தனிமம். சிதையாது, சேரும்.

2023இல் பூவுலகின் நண்பர்கள் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலிச் சுற்றுவட்டத் தண்ணீரில் வரம்பை மீறிய பாதரசம் இருப்பதாகச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அறிக்கை சரியா தப்பா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். அந்தப் பழைய சபை செய்ததைச் செய்தால் போதும். ஒவ்வொரு அலகின் புகைபோக்கிக் கணக்கையும், ஒவ்வொரு ஏரி மீனின் சோதனை முடிவையும் மக்கள் முன் வையுங்கள்.

மூல ஓலையைக் காட்டுங்கள். அதுவரை இந்த அடிமைச் சாசனம் செல்லாது.