முன் சில்லின் முணுமுணுப்பு

இரத்தோட்டைப் பக்கத்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வினா விடுத்திருக்கின்றார். தமது குடும்ப வான், வளைவுகளிலே திரும்பும்போது முன்பக்கத்திலிருந்து ‘டக், டக், டக்’ என்று ஓசை எழுப்புகின்றதாம். கராஜில் காட்டியபோது முன் அக்சிலை மாற்ற வேண்டுமெனக் கூறினார்களாம். அதனை வீட்டு முற்றத்திலேயே தாமும் தம் மகனுமாகச் செய்து முடித்தல் கூடுமா என்பதே அவர் கேள்வி.

கூடும் என்பதே நம் விடை. ஆயினும் மூன்று பொருள்கள் கைவசம் இருந்தாற்றான் கூடும். அவற்றுள் ஒன்று குறையினும் கூடாது. அம்மூன்றும் யாவை என்பதைக் கூறுமுன், நோய் இன்னதென்று அறிதல் நலம்.

நம் வீடுகளில் நிற்கும் வான்கள் பெரும்பாலும் வயதானவை. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே 2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்தது. விற்றுவிட எண்ணியிருந்த வண்டியையே பேணிக் காக்கும் நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. பிள்ளைகளைப் பாடசாலைக்கும் பெரியோரை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்வது அவ்வண்டியே. அதனால் அதன் உறுப்புகள் சிலவற்றை அறிந்து வைத்தல் குடும்பத்தாருக்கு ஆடம்பரமன்று, தேவையே.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். எல்லா வான்களுக்கும் இந்நோய் வராது. ஹைஏஸ் போன்ற வண்டிகளிற் பொதுவாக எஞ்சினின் வலிமை பின்சில்லுகளுக்கே செல்கின்றது. 2001இல் வெளிவந்த டொயோட்டா நோவா போன்ற குடும்ப வான்களிலோ முன்சில்லுகளே வண்டியை இழுக்கின்றன. கியர் பொக்ஸிலிருந்து இரு பக்கத்து முன்சில்லுகளுக்கும் ஒவ்வொரு தண்டு செல்லும். அதனையே கராஜில் அக்சில் என்றும் டிரைவ் ஷாப்ட் என்றும் வழங்குவர்.

இத்தண்டின் பணி எளிதன்று. சில்லு மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும். ஸ்டியரிங்குக்கு இணங்க இடமும் வலமும் திரும்பும். அவ்வாறு திரும்பிய நிலையிலும் இடையறாது சுழல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ரொபர்ட் ஹூக் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் மூட்டு ஒன்று உண்டு. கோணத்தில் வளைந்து சுழலும்போது அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். முன்சில்லுக்கு அத்தகைய துள்ளல் ஆகாது. 1920களில் அமெரிக்காவில் அல்பிரட் ஷெப்பா என்பார் இதற்கொரு வழி கண்டார். கிண்ணம் போன்ற ஓர் உறுப்பினுள்ளே பள்ளங்கள் வெட்டி, அவற்றில் உருக்குக் குண்டுகளை இருத்தி, இரு தண்டுகளும் அமைக்கும் கோணத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் தளத்திலேயே அக்குண்டுகள் எப்போதும் நிற்குமாறு செய்தார். அதனால் எவ்வளவு திரும்பினும் சுழற்சி சீராயிற்று. நாம் ‘சி.வி. ஜொயின்ட்’ என்பது இதுவே. 1959இல் அலெக் இசிகோனிஸ் உருவாக்கிய மினி கார் இவ்வகை மூட்டைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. நம் தெருக்களில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனரை ஆக்கியவரும் அவரே. ஆனால் அவ்வண்டிக்குப் பின்சில்லே இயக்கம்.

இந்த மூட்டு கிரீஸில் மூழ்கியே வாழ்வது. அந்தக் கிரீஸ் வெளியேறாதவாறும் மண்ணும் நீரும் உட்புகாதவாறும் காப்பது, மடிப்பு மடிப்பாக அமைந்த ஒரு றப்பர் உறை. கராஜ் மொழியில் அதன் பெயர் பூட். உருக்குக் குண்டுகள் தாமாக எளிதில் தேய்வதில்லை. உறை கிழிந்த பின்னரே அவற்றின் அழிவு தொடங்குகின்றது. கிழிந்த இடத்தால் கிரீஸ் சிதறிப் போகும். மணல் உட்புகுந்து அரம் போல் அராவும். நாளடைவில் பள்ளங்கள் குழிந்து, குண்டுகள் தம் இடம் தவறித் தட்டும். அன்பர் கேட்ட ‘டக், டக்’ அந்தக் குண்டுகளின் ஓசையே.

நம் மாத்தளை மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பும் மிகுதி. நாலந்தாவைக் கடந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் ஸ்டியரிங்கை அதிகம் திருப்ப வேண்டியதில்லை. இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் ஏறும் வீதியிலும், உக்குவளையிலிருந்து எல்கடுவ செல்லும் வீதியிலுமோ வளைவுக்கு மேல் வளைவு. ஏற்றத்தில் எஞ்சின் முழு வலிமையோடு இழுக்க, சில்லும் திரும்பியிருக்க, மூட்டின்மேல் விழும் பளு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்து மண்வழிகளின் சேறு வேறு சேர்ந்துவிடும்.

நோயை அறிய எளிய சோதனை உண்டு. ஆளற்ற வெளியில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பி, மெதுவாக முன்னே செலுத்துக. சில்லின் சுழற்சிக்கேற்பத் தட்டும் ஓசை எழுந்தால் வெளி மூட்டில் ஐயம் கொள்ளலாம். நேரே செல்லும்போது அக்சிலேட்டரை மிதித்தவுடன் வண்டி உதறுமாயின் உள் மூட்டைப் பார்க்க வேண்டும். திரும்பாத போதும் இடைவிடாது இரைந்தால் அது பெரும்பாலும் சில்லின் பெயரிங். அதற்கு அக்சிலை மாற்றுவது தலைவலிக்குக் காலிற் கட்டுப் போடுவதாகும். ஓசையோடு சில்லின் உட்புறத்தில் கிரீஸ் சிதறியிருப்பதையும் கண்டாலொழியப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படலாகாது.

உதிரிப்பாகம் வாங்குவோர் வண்டியின் செசி இலக்கத்தைக் குறித்துச் செல்ல வேண்டும். இடத் தண்டும் வலத் தண்டும் நீளத்தில் வேறுபடுதல் வழக்கம். பற்களின் எண்ணிக்கையும், ஏ.பி.எஸ். வளையம் உண்டோ இல்லையோ என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய வண்டிகளிலிருந்து கழற்றிய தண்டுகளும் கிடைக்கும். அத்தகையதை வாங்கினால் கடையிலேயே மூட்டை மடக்கி நிமிர்த்தி, தளர்ச்சி உண்டா என்று கையாற் பார்க்க வேண்டும். புதிய உறையும் புதிய கிரீஸும் இட்டபின்னரே அதனைப் பூட்டுதல் முறை.

இனி, முற்கூறிய மூன்று பொருள்கள். முதலாவது, சரிவில்லாத, கெட்டியான தரை. மலைநாட்டு முற்றங்கள் பல சரிவானவை. மழைக்குப்பின் மண் இளகுவன. சீமெந்துத் தரை இல்லாதார் இப்பணியை விரும்பலாகாது. இரண்டாவது, வண்டியின் பளுவைத் தாங்கவல்ல உருக்குத் தாங்குகால்கள் இரண்டு. மூன்றாவது, ‘டோர்க் ரென்ச்’ எனப்படும், இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பெனர். இவற்றை இரவலாகப் பெற்றாலும் குற்றமில்லை.

தாங்குகாலைப் பற்றி ஒரு சொல். நம் இல்லத்து முற்றத்தில் சென்ற விடுமுறையிலே இப்பணி நடந்தபோது, உதவிக்கு வந்திருந்த இளம் மெக்கானிக்கிடம் அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்:

“ஏன் தம்பி, நாலு கொங்கிரீட் கல்லை அடுக்கினா போதாதா? இந்த ஸ்டாண்டுக்காக டவுன் வரைக்கும் போகணுமா?”

“வேணாம் ஐயா. கல்லு வெடிக்கிறப்போ சொல்லிட்டு வெடிக்காது. ஜக்கு தூக்குறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்ல.”

பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. நாமும் அச்சொற்களை இப்பக்கத்தின் வாசகர் அனைவருக்கும் உரியனவாகக் கருதுகின்றோம். ஒன்றரைத் தொன்னை அண்டிய வண்டி ஒரு விரற்கடை சரிந்தாலும், கீழே கிடப்பவர் குரலெழுப்ப நேரமிராது. ஜக்கை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் கீழே தலையோ உடலோ புகுதல் ஆகாது.

பணியின் ஒழுங்கு வருமாறு. பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அடை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். சில்லு தரையில் இருக்கும்போதே நடுவிலுள்ள பெரிய அக்சில் நட்டின் கொட்டர் பின்னை நீக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் நட்டை இளக்க வேண்டும், முழுதும் கழற்றலாகாது. நட்டு இளகிய பின் வண்டியை உருட்டினால் பெயரிங் கெடும். முந்திய இரவே துருநீக்கும் எண்ணெய் இட்டுவைத்தல் உதவும்.

பின்பு வண்டியை உயர்த்தி, கைநூலிற் காட்டிய இடங்களில் தாங்குகால்களை நிறுத்தி, வண்டியைச் சற்றே அசைத்துப் பார்த்து உறுதி செய்தபின் சில்லைக் கழற்றுக. கியர் பொக்ஸ் எண்ணெயை ஒரு தட்டில் வடித்துக்கொள்க. அதை முற்றத்துக் கானில் ஊற்றினால் நம் ஊர்க் கான்கள் வழியே சுது கங்கையைச் சேரும். மூடியுள்ள கலனில் இட்டு, பழைய எண்ணெய் பெறும் கராஜிற் கொடுத்துவிடுவதே முறை.

அடுத்துக் கீழ்ப் போல் ஜொயின்டைப் பிரித்து, சில்லைத் தாங்கும் பகுதியை வெளிப்புறமாக அசைத்தால் தண்டின் வெளிமுனை விடுபடும். அது இறுகியிருந்தால், பழைய நட்டைத் திருகு முனையிலே அணிவித்து, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுக. வெறுஞ் சுத்தியலால் அடித்தாற் புரி நசுங்கிவிடும். பிரேக் குழாயையும் ஏ.பி.எஸ். கம்பியையும் இழுபடவிடலாகாது. உள்முனை கியர் பொக்ஸில் ஒரு சிறு கம்பி வளையத்தாற் பிணைக்கப்பட்டிருக்கும். அதனை நெம்புகோலால் ஒரே உந்தலில் நெம்புக. தண்டைப் பிடித்து இழுத்தால் உள் மூட்டுக் கழன்று வந்துவிடும். சில வண்டிகளில் நீண்ட பக்கத் தண்டுக்கு நடுவே ஒரு பெயரிங் தாங்கல் உண்டு. அதன் போல்டுகளை முதலிற் கழற்ற வேண்டும்.

இப்போது பழைய தண்டையும் புதியதையும் அருகருகே கிடத்தி ஒப்பிடுக. நீளமும் பற்களும் ஒத்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு செல்லலாம். அத்தருணத்திலேயே கியர் பொக்ஸின் ஒயில் சீலையும் மாற்றிவிடுதல் சிக்கனம். பின்னர் அது ஒழுகினால் இத்தனை வேலையும் மீண்டும் செய்ய நேரும். புதிய தண்டைச் சீலின் உதடு கிழியாதவாறு நேராகச் செலுத்தினால், வளையம் பொருந்தும் ஓசை கேட்கும். உள் மூட்டின் கிண்ணத்தைப் பற்றி மெல்ல இழுத்துப் பார்த்து, அது வெளிவராமை கண்டு நிம்மதி கொள்ளலாம்.

அக்சில் நட்டைப் புதிதாகவே இட வேண்டும். சில்லு தரையைத் தொடுமுன்னரே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நட்டை இயன்றமட்டும் இறுக்கிவிட்டு, வண்டியை இறக்கியதும் கைநூல் கூறும் அளவுக்கு முற்றாக இறுக்குக. பல வண்டிகளில் இவ்வளவு 200 நியூட்டன் மீற்றரை அண்டியும் அதற்கு மேலும் இருக்கும். கைக்கணக்கு இங்கே உதவாது. கொட்டர் பின்னும் புதியதாயிருக்கட்டும். கியர் பொக்ஸுக்கு அதற்குரிய எண்ணெயை அன்றிப் பிறிதொன்றை ஊற்றலாகாது. தானியங்கிக் கியர் பொக்ஸில் இத்தவறு அக்சிலின் விலையைப் பன்மடங்காக்கிவிடும்.

இஃது ஒரு குடும்பப் பணியே. பிரேக்கை மிதித்திருந்தவர் நம் இல்லாள். கழற்றிய போல்டுகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, எது எவ்விடத்ததெனத் தாளில் எழுதிவைத்தவள் நம் மகள். காலையிலே தொடங்கிய வேலை, பிற்பகல் தேநீருக்கு முன் முடிந்தது. சிறு குழந்தைகளை மட்டும் அன்று முற்றத்துக்கு வரவிடாதிருத்தல் வேண்டும்.

அன்பருக்கு ஒரு சொல் எஞ்சியுள்ளது. அக்சிலை மாற்றும் நாளில் மறுபக்கத்துத் தண்டின் உறையையும் கையால் விரித்துப் பாருங்கள். மடிப்புகளிடையே வெடிப்புத் தோன்றி, மூட்டு இன்னும் ஓசை செய்யாதிருந்தால், உறையையும் கிரீஸையும் மட்டும் மாற்றிவிடலாம். தண்டின் விலையோடு ஒப்பிட்டால் உறையின் விலை சிறிதே. அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, மாரிமழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும், ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்துச் சில்லின் பின்புறத்தை ஒரு கைவிளக்கால் நோக்குங்கள். அதற்கு ஜக்கும் வேண்டா, ஸ்பெனரும் வேண்டா. ஐந்து நிமிடம் போதும்.