உளநூல் மாணவரும் அவர் கற்கும் ஆங்கிலமும்

உளநூல் வகுப்பிற் புதிதாகச் சேரும் மாணவர் முதன்முதல் அஞ்சுவது நெடுஞ்சொற்களைக் கண்டேயாம். 'அகோராபோபியா' என்றும், 'ஸ்கிட்ஸோப்ரீனியா' என்றும், 'சைக்கோபிசியாலஜி' என்றும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுங்கால், தமிழ்வழிப் பள்ளியிற் பயின்று வந்த இளைஞர் தம் பக்கத்தே இருப்பாரை நோக்கி, 'இவர்க்கெல்லாம் விளங்குகின்றது. நமக்குத்தான் விளங்கவில்லை' என்று உள்ளங் குன்றுகின்றனர். யாமும் அவ்வாறு குன்றியவர்களே. மூன்றாண்டு பயின்று இளங்கலை வகுப்பை முடிக்கும் இத்தறுவாயில், அஞ்ச வேண்டாதவற்றிற்கு அஞ்சினோம் என்பதை உணர்கின்றோம். அஞ்சத்தக்க சொற்கள் வேறு உள. அவை மிகச் சிறியன; முன்னரே அறிவோமென்று நாம் எண்ணியிருப்பன. அவற்றைப் பற்றியும், உளநூலுக்குரிய ஆங்கிலத்தை நம் கலாசாலையிற் கற்பிக்கவேண்டிய முறையைப் பற்றியும் எம் கருத்தை ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

நெடுஞ்சொல் நேர்மையுடையது. 'நீ என்னை அறியாய்' என்று அது முதலிலேயே நமக்குச் சொல்லிவிடுகின்றது. நாமும் அகராதியைத் தேடுகின்றோம். 'அகோரா' என்பது கிரேக்கர் சந்தையாகவும் அவையாகவும் கூடிய பொதுவெளி. 'போபியா' என்பது அச்சம். இவ்விரண்டையும் அறிந்தார்க்கு, வெளியிடங்களிலும் கூட்டத்திலும் புகுதற்கு அஞ்சும் நோயின் பெயர் தானே விளங்கும். 'போபியா' வென முடியும் பிற சொற்களும் பாதி விளங்கிவிடும். இத்தகைய கிரேக்க இலத்தீன் வேர்கள் முப்பதை ஊக்கமுள்ள மாணவர் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளலாம்.

சிறுசொல்லோ அங்ஙனமன்று. அது தெரிந்த முகத்தோடு வந்து நம்மை ஏமாற்றுகின்றது. எம் முதலாண்டுப் பரீட்சையிலே 'நெகட்டிவ் ரீயின்போர்ஸ்மென்ட்' என்பதனை விளக்குக என்றொரு வினா வந்தது. 'நெகட்டிவ்' என்றாற் கெட்டது என்பதே யாம் அறிந்த பொருள். ஆதலின் எம்மிற் பெரும்பாலார் அது தண்டனையென்று இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் இழந்தோம். ஸ்கின்னர் என்னும் அறிஞர் வழங்கிய அத்தொடரில் அச்சொல் நீக்குதலையே குறிக்கும். தலைவலி யுற்றான் ஒருவன் மாத்திரை விழுங்குகின்றான், வலி நீங்குகின்றது, மறுமுறை வலி வந்தால் மாத்திரையை நாடுதல் அவன்பால் உறுதிப்படுகின்றது. துன்பம் நீங்குதலால் ஒரு செயல் வலுப்பெறுவதே அத்தொடரின் பொருள். தண்டனையோ செயலைக் குறைப்பது. ஒரு சொல்லை அறிந்ததாக எண்ணியமையால், ஒரு கொள்கையையே தலைகீழாகக் கற்றோம்.

இவ்வாறே 'கண்ட்ரோல்' என்னும் சொல். 'கண்ட்ரோல் குரூப்' எனப் படித்தபோது, கட்டுக்காவலில் வைக்கப்பட்ட கூட்டமென்று எம் நண்பர் ஒருவர் நெடுநாள் கருதியிருந்தார். சோதிக்கப்படும் சிகிச்சையை அளிக்காது, ஒப்பிட்டு நோக்கும்பொருட்டு வைத்துக்கொள்ளும் கூட்டமே அது. 'எக்ஸ்டிங்ஷன்' என்பது விலங்கினத்தின் அழிவன்று. பயனின்மையால் ஒரு பழக்கம் தேய்ந்து மறைதல். 'சிக்னிபிகன்ட்' என்பதோ எல்லாவற்றினும் பொல்லாதது. ஒரு முடிவு 'சிக்னிபிகன்ட்' எனக் கண்டால், அது மிகப் பெரியது, மிக முக்கியமானது என்று கொள்கின்றோம். புள்ளிவிவர நூலார் சொல்வது அஃதன்று. உண்மையில் வேறுபாடே இல்லையாயின் இத்துணை வேறுபாடு தற்செயலாய்த் தோன்றுதல் அரிது, பெரும்பான்மை வழக்கின்படி 100-இல் 5 முறைக்குங் குறைவு என்பதே. மிகச் சிறிய வேறுபாடும், பல்லாயிரவரைச் சோதித்தால், அப்பெயர் பெறக்கூடும்.

இச்சொற்களைப் பொது ஆங்கில வகுப்புக் கற்பியாதோ எனின், கற்பியாது. அஃது அவ்வகுப்பின் குற்றமுமன்று. மைக்கேல் வெஸ்ட் என்பார் வங்காளத்தில் டாக்கா நகரிலே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றி, நம் நாட்டு மாணவர் ஆங்கிலம் படிக்கப் படும் இடர்ப்பாட்டை நேரிற் கண்டவர். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள் உள. ஆவரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் 2000-ஆம் ஆண்டில், உயர்கல்வி நூல்களிற் பொதுவாகப் பயிலும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தளித்தார். இவ்விரு பட்டியல்களும் பெரும்பயன் தருவனவே. ஆயினும், 'சப்ஜெக்ட்', 'கண்ட்ரோல்' போன்ற சொற்கள் பொதுச்சொற் பட்டியலிலேயே அடங்கிவிடுதலால், மாணவர் அவற்றைப் பள்ளியிலேயே கற்றுமுடித்ததாகக் கொள்கின்றனர். உளநூலுள் அவை வேறுபொருள் பூண்டு வருதலை அவர்க்குச் சொல்வார் இலர். ஆங்கில ஆசிரியர், 'அது உங்கள் பாடத்துச் சொல்' என்கின்றார். உளநூல் ஆசிரியர், 'அது ஆங்கிலச் சொல்தானே' என்கின்றார். இருவர்க்கும் நடுவே மாணவர் நிற்கின்றார்.

மற்றொன்று வாக்கிய நடையைப் பற்றியது. உளநூல் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரிதும் அடக்கமான மொழியில் எழுதப்படுவன. 'காரணமாகும்' என்று துணிந்து கூறாமல், 'தொடர்புடையதாகக் காணப்படுகின்றது', 'காரணமாக இருக்கக்கூடும்' என்று கூறும். விரைந்து படிக்கும் மாணவர் இவ்வடக்கத்தைக் கவனியாது விடுகின்றனர். உறக்கம் குறைந்த மாணவர் குறைந்த மதிப்பெண் பெற்றனர் என்று ஒரு கட்டுரை சொல்லின், உறக்கக் குறைவினால் மதிப்பெண் குறைந்தது என்று எழுதிவிடுகின்றோம். பரீட்சைக் கவலையே இரண்டையும் குறைத்திருக்கலாமன்றோ? அச்சிறு துணைச்சொற்கள் வெறும் இலக்கணமல்ல. ஆராய்ச்சியாளரின் மனச்சான்று அவற்றினுள் இருக்கின்றது.

இனி, தமிழ்வழி வந்த நண்பர்க்கு ஒரு வார்த்தை. இவ்வாங்கிலம் ஆங்கிலேயர்க்கும் பிறப்புரிமையாய் வந்ததன்று. உளநூற்குரிய சோதனைச்சாலையை வூண்ட் 1879-இல் நிறுவியது ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரத்தில். ஆங்கிலேயராகிய டிச்சனர் அங்குச் சென்று, ஜெர்மன் மொழியிற் பயின்று பட்டம் பெற்றார். பின் அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த காலத்து, பிறருணர்ச்சியுட் புகுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கு நிகரில்லாமையால், 1909-இல் 'எம்பதி' யென்று கிரேக்க வேரிலிருந்து புதுச்சொல் ஆக்கினார். இன்று அஃது எல்லார் வாயிலும் பயிலுகின்றது. பிராய்டு 'நான்', 'அது' என்னும் பொருள்பட எளிய ஜெர்மன் சொற்களால் எழுதியவற்றை, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோர் 'ஈகோ', 'இட்' என்று இலத்தீனாக்கினர். அதனால் வீட்டுச்சொற்கள் மருத்துவச் சொற்களாயின. ஆகவே உளநூலின் ஆங்கிலம் இருமொழிகட்கு இடையே நின்று இடர்ப்பட்டவர் ஆக்கியது. இருமொழிக்கு இடையே நிற்றல் நமக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இந்நூலின் வரலாறே அது.

இதுகாறும் ஆங்கிலத்துட் புகுதலைப் பற்றியே பேசினோம். அதனினும் அரியது அங்கிருந்து திரும்பி வருதல். ஏனெனில், நாளை நம் முன் வந்து அமரும் துன்புற்ற மனிதர் பெரும்பாலும் தமிழிலேயே அழுவார்.

சென்ற ஆண்டு பயிற்சியின் பொருட்டு எம்மிற் சிலர் ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். எம்முள் ஒருவர் ஆங்கில வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'கில்ட்டி' என்னும் சொல்லை அகராதிப்படி பெயர்த்து, மூதாட்டி ஒருவரிடம், "நீங்கள் குற்றவாளி என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். அம்மூதாட்டி திடுக்கிட்டு, "நான் என்ன தம்பி குத்தம் பண்ணினேன்? போலீசு டேசன் படிகூட மிதிச்சதில்லையே!" என்றார். எம் நண்பர் அவ்விடத்து 'இல்லை' யென்று குறித்துக்கொண்டார். அருகில் நின்ற செவிலியர் மெல்லக் குனிந்து, "ஆத்தா, நம்மாலதான் இப்படி ஆச்சோன்னு எதையாச்சும் நெனச்சு மனசு உறுத்துதா?" என்று கேட்டார். மூதாட்டி உடனே விடை கூறவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பின்னர், இறந்துபோன தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எம் நண்பர் தாம் குறித்ததை அடித்துவிட்டார். அன்றுதான் யாம் அச்சொல்லின் பொருளைக் கற்றோம். மூன்றாண்டு வகுப்பிற் கற்றிலோம்.

வினாத்தாள்களின் நிலையும் இதுவே. மனச்சோர்வை அளத்தற்கு 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்து இன்றும் உலகெங்கும் வழங்கும் ஓர் அளவையில், வருத்தத்தைக் குறிக்க 'ப்ளூஸ்' என்னும் வழக்குச்சொல் வருகின்றது. நீல நிறத்தின் பெயரால் அந்நாட்டார் தம் வருத்தத்தைச் சுட்டுவர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நம்மவர் நகைப்பர். 'மனம் பாரமாயிருக்கிறது' என்றால் உடனே உணர்வர். தேர்ந்தோர் இதற்கென ஒரு முறை வகுத்துள்ளனர். ஒருவர் ஆங்கிலத்தினின்று தமிழாக்குவார். மூலத்தைக் காணாத வேறொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார். பின் இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பு நோக்குவர். எங்கே மாறுபடுகின்றதோ அங்கே பிழை ஒளிந்திருக்கும்.

இது மொழிநயம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயுற்றவர் தம் சிகிச்சையைப் பற்றி முடிவு செய்தற்கு வேண்டிய செய்திகளை அவர் விளங்கிக்கொள்ளும் எளிய மொழியில் அளித்தல் வேண்டுமென்கின்றது. ஆங்கிலத்தில் மட்டுமே உளநூல் அறிந்த ஒருவர் அக்கடமையை எங்ஙனம் நிறைவேற்றுவார்?

'இத்துணைத் தொல்லை எதற்கு? உளநூல் முழுவதையும் தமிழிலேயே கற்பித்தாலென்ன?' என்று சிலர் வினவுவர். அவ்வெண்ணத்தை யாம் மதிக்கின்றோம். தமிழில் நல்ல பாடநூல்கள் பெருகல் வேண்டும். ஆயினும் நாள்தோறும் வெளிவரும் ஆராய்ச்சிகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருத்தலால், அவ்வாயிலை அடைத்துக்கொள்ளுதல் மாணவர்க்கு நன்மையன்று. வேறு சிலர், 'ஆங்கிலம் ஒன்றே போதும், தமிழ் எதற்கு?' என்பர். அவர்க்கு அம்மூதாட்டியின் முந்தானையே விடை.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உளநூல் மாணவர்க்கு வாரம் ஒரு மணிநேரம் தனி ஆங்கில வகுப்பு வேண்டும். அதனை ஆங்கில ஆசிரியரும் உளநூல் ஆசிரியரும் ஒருங்கிருந்து நடத்துதல் நலம். கதையும் கடிதமும் அங்கே வேண்டா. ஓர் உண்மையான ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, எப்படிச் செய்தனர், என்ன கண்டனர், எதனைத் துணிந்து கூறாது விடுத்தனர் என்று வரிவரியாய்ப் படித்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளல் வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பகுத்து, முதற்பகுதியில் ஆங்கிலச் சொல்லின் பொதுப்பொருளும், இரண்டாவதில் உளநூற் பொருளும், மூன்றாவதில் நம் வீட்டுப் பாட்டிக்குச் சொல்லும் தமிழும் எழுதுக. அகராதிச் சொல்லை மூன்றாம் பகுதியில் எழுதலாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மூன்றாவது, ஆண்டிறுதியில் ஒரு வாய்மொழிப் பரீட்சை வேண்டும். ஆங்கிலம் அறியாத ஒருவர்க்கு ஓர் உளநூற் கருத்தை விளக்கி, அவர் விளங்கிக்கொண்டாரெனின் மாணவர் தேறினார் எனக் கொள்க. இலக்கணப் பிழைக்காக மதிப்பெண் குறைத்தலைவிட இஃது உண்மையான அளவையாகும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் செலவாகாது. ஆசிரியர் இருவர் மனமொத்தாற் போதும். மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பணியாற்றும் பழைய மாணவர்களும் இதற்கு உதவலாம். மக்கள் தம் துன்பத்தை எச்சொற்களாற் கூறுகின்றனர் என்பதை, ஆட்பெயரும் அடையாளமுமின்றித் தொகுத்தனுப்பின், அஃது எந்நூலகத்தினும் கிடையாத செல்வமாகும்.

மாணவ நண்பர்காள்! 'சப்ஜெக்ட்' என்னும் சொல்லோடு முடிக்கின்றோம். சோதனைக்கு உட்படும் மனிதரை முற்காலத்து உளநூலார் அச்சொல்லால் அழைத்தனர். ஆளப்படுவார் என்னும் சாயல் அதற்குண்டு. அமெரிக்க உளநூற் கழகத்தார் 1994-இல் வெளியிட்ட தம் எழுத்துமுறைக் கையேட்டின் நான்காம் பதிப்பில், அதனை விடுத்துப் 'பங்குகொள்வோர்' என்னும் பொருளுடைய சொல்லை வழங்குமாறு கூறினர். ஒரு சொல் மாறியதனால் எதிரே இருப்பவர் மனிதரானார். நாம் கற்கும் ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு மனிதர் அமர்ந்திருக்கின்றார் என்பதை மறவாது கற்போமாக. அங்ஙனம் கற்பார்க்கு ஆங்கிலமும் எளிதாகும், தமிழும் கைவிடாது.