உப்பு வெடிக்கும் ஓசைக்கு என்ன பெயர்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவன்)

சென்ற பருவத்தின் செய்முறைத் தேர்வில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். உலர்ந்த சோதனைக் குழாயில் உப்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். தேர்வாளர் அருகில் வந்து, "என்ன ஓசை கேட்கிறது?" என்று ஆங்கிலத்தில் வினவினார். பிறந்தது முதல் கேட்டுப் பழகிய ஓசைதான். ஆனால் அதற்குரிய ஆங்கிலச் சொல் நாவில் வரவில்லை. "படபடவென்று வெடிக்கிறது" என்று தமிழில் சொல்ல நாணம் தடுத்தது. வாய்மூடி நின்றேன். அவர் அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார்.

'கிராக்கிள்' என்பதுதான் அந்தச் சொல் என்று மாலையில் நண்பன் சொன்னான். அன்று போனது சில மதிப்பெண்கள்தாம். ஆனால் தெரிந்த ஒன்றைத் தெரியாதவனைப்போல் நின்றேனே, அது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரை.

என் ஊர் புதுக்கோட்டை. "மன்னர் ஆண்ட புதுக்கோட்டையா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதுவன்று, தூத்துக்குடியிலிருந்து நெல்லை செல்லும் சாலையில் உள்ள புதுக்கோட்டை. என் தாயார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சிறு வயதில் எனக்குக் காய்ச்சல் கண்டால், உப்பையும் மிளகாய் வற்றலையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் இடுவார். உப்பு படபடவென்று வெடிக்கும். "எய்யா, எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாத்தியா!" என்பார். கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை. படிகத்தினுள் அடைபட்ட நீர் சூட்டில் ஆவியாகி, படிகத்தை உடைத்துக்கொண்டு வெளிப்படுவதே அவ்வோசைக்குக் காரணம் என்று இப்போது அறிவேன். எனினும் அந்த ஓசையை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் பேராசிரியர் அல்லர், என் தாயார்.

இதே உப்பின் ஓசை மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. 1816-இல் பாரிசு நகரில் லென்னெக் என்ற மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். 1819-இல் அவர் வெளியிட்ட நூலில், நுரையீரல் அழற்சி கண்ட நோயாளியின் நெஞ்சில் கேட்கும் ஓசையை எப்படி விளக்கினார் தெரியுமா? சூடேறும் சட்டியில் உப்பு வெடிக்கும் ஓசையோடு ஒப்பிட்டார். இன்று ஆங்கில மருத்துவ நூல்கள் அவ்வோசையைக் 'கிராக்கிள்ஸ்' என்றே குறிக்கின்றன. அடுக்களையில் கேட்டது அறிவியல் ஆயிற்று. அப்படியிருக்க, என் தாயின் அடுக்களைச் சொல்லை ஆய்வுக்கூடத்தில் உச்சரிக்க நான் ஏன் வெட்கப்பட்டேன்?

ஓசையைப் போலவே ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் நிரம்ப உண்டு. வண்டு 'பஸ்' என்கிறது. பாம்பு 'ஹிஸ்' என்கிறது. ஒரே வகை ஓசைக்குள்ளும் வேறுபாடு காட்டச் சொற்கள் உண்டு. சருகு அசைந்தால் 'ரஸல்', மழைத்துளி விழுந்தால் 'பேட்டர்', தகரம் ஆடினால் 'ராட்டில்'. இவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறோம். ஆனால் சருகு சரசரப்பதும், மழை சடசடப்பதும், தகரம் கடகடப்பதும் மனப்பாடம் செய்யாமலே நமக்குத் தெரிந்தவை அல்லவா? ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் நம் சொல்லை வைத்துப் படித்திருந்தால் தேர்வறையில் நான் ஊமையாகியிருக்க மாட்டேன்.

இவை வெறும் பேச்சுவழக்கு, கொச்சை என்று சிலர் கருதுகிறார்கள். தொல்காப்பியர் அப்படிக் கருதவில்லை. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணமே வகுத்திருக்கிறார். உரிச்சொல்லைப் பற்றிப் பேசும்போது இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றைச் சொல்லி, அவற்றுள் இசையை முதலில் வைத்தார். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கும் ஆரவாரத்தைக் குறிக்கும் என்று ஒருபொருட் சொற்களையும் தொகுத்துத் தந்தார். நம் காலத்திலும் மொழியியல் அறிஞர் எமனோ, இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான கூறு என்பதை 1969-இல் ஒரு தனிக் கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார்.

அறிவியலுக்கு உலகப் பொதுச்சொற்களே ஏற்றவை என்று ஒரு கட்சி உண்டு. தனிமங்களின் பெயர்களுக்கு அது பொருந்தும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஓசைக்குப் பொருந்துமா? நம் சேவல் 'கொக்கரக்கோ' என்கிறது. ஆங்கிலேயர் காதில் அது 'காக்-எ-டூடுல்-டூ'. பிரெஞ்சுக்காரர் காதில் 'கோகொரிகோ'. சேவல் மாறவில்லை, காதுதான் மாறுகிறது. ஹைட்ரஜன் வாயு 'பாப்' என்ற ஒலியுடன் எரியும் என்று தமிழ்வழியில்தான் நான் படித்தேன். 'பாப்' ஆங்கிலக் காது கேட்ட ஓசை. முதன்முறை அச்சோதனையைச் செய்தபோது அந்த ஓசைக்காகக் காத்திருந்தேன். என் காதில் விழுந்தது 'டப்' என்ற ஓசை. சோதனை தவறிவிட்டதோ என்று அஞ்சினேன்! 'டப்பென்ற ஓசையுடன் எரியும்' என்று அச்சிட்டால் ஹைட்ரஜனுக்கு என்ன குறைந்துவிடும்?

நம் ஒலிச்சொற்கள் கலைச்சொல்லாக வளரும் ஆற்றல் உடையவை. 'படபட' என்பதிலிருந்து 'படபடப்பு' பிறந்தது. நெஞ்சுப் படபடப்பு என்றால் நோயாளிக்கும் புரிகிறது, மருத்துவருக்கும் புரிகிறது. அகராதி தேட வேண்டியதில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "நீ எப்பய்யா தஸ்ஸுபுஸ்ஸுன்னு இங்கிலீசு பேசப்போற?" என்று என் தாயார் ஆவலோடு கேட்கிறார். அந்த ஆசையை நிறைவேற்றுவேன். அவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயரும் ஓர் ஒலிக்குறிப்புச் சொல்தான் என்பதைத் தோழர்கள் கவனிக்கவும்!

என் வேண்டுகோள்கள் மூன்று. ஆங்கிலப் பேராசிரியர்கள் இத்தகைய சொற்களைக் கற்பிக்கும்போது, இணையான தமிழ்ச்சொல்லை எங்களிடமே கேட்டு வாங்க வேண்டும். அறிவியல் பேராசிரியர்கள், சொல் தெரியாமல் தயங்கி நிற்கும் மாணவனிடம் "தமிழில் சொல்" என்று ஒரு வாய்ப்புத் தர வேண்டும். மாணவத் தோழர்கள், தம் வீட்டிலும் வயலிலும் உப்பளத்திலும் படகிலும் வழங்கும் ஒலிச்சொற்களில் ஆளுக்கு ஐந்து எழுதித் தந்தால், அடுத்த ஆண்டு மலரில் ஒரு நல்ல தொகுப்பு வெளிவரும்.

என் பங்கை இப்போதே தருகிறேன். காய்ந்த உப்புப் பாத்தியில் கால் வைத்தால் நறநற. உப்பை வாரும்போது சரக்சரக். குவியலிலிருந்து சரிந்தால் சளசள. மூட்டையைக் கீழே போட்டால் தொப். அடுப்பில் இட்டால் படபட. ஐந்தும் என் தாயார் சொன்னவை. அடுத்த செய்முறைத் தேர்வில் கேட்டால் இரு மொழியிலும் விடை சொல்வேன்.